தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருகிறோம்: நிறுவன முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தொழில் நடத்தும் முதலாளிகளுக்கும், மேலாளர்களுக்கும், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூர்க்காரி. பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று இரும்பு வாசனை வீசும் தொழிற்பேட்டைகளில் கணக்குப் பிரிவு வேலை. 19 வருடம் ஆகிவிட்டது. ஒன்றரை வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்னும் தாங்கு சட்டம், கையில் ஊன்றுகோல், வெளியே போக பக்கவாட்டில் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவது, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்வது, ஆடிட்டர் கேட்கும் காகிதத்தை எல்லாம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்கும் என் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வேலை பார்க்கும் இடத்துக்கும் என் காலுக்கும் நிறைய சம்பந்தம் உண்டு. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதன்முதலில் சேர்ந்த கம்பெனியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த முதலாளி கெட்டவர் இல்லை. நேர்காணலில் என் பி.காம். மார்க் ஷீட்டைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார், என்னோடு வந்திருந்த அப்பாவைப் பார்த்தார். "பாவங்க, ஒரு பொண்ணுக்கு வாழ்க்கை குடுத்த மாதிரி இருக்கட்டும். நாளைல இருந்து வரச் சொல்லுங்க" என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

அந்த கம்பெனியில் பெண்களுக்கான கழிப்பறை, ஷெட்டுக்குப் பின்னால், இரண்டு படி இறங்கிப் போகும் இடத்தில் இருந்தது. தரையோடு இருக்கும் பழைய வகை. காலிப்பர் போட்ட காலை மடக்க வேண்டுமென்றால் முழங்காலில் இருக்கும் லாக்கைக் கையால் எடுத்துவிட வேண்டும். எடுத்தாலும் குத்தவைத்து உட்கார முடியாது. பிடித்துக்கொள்ளச் சுவரில் எதுவும் கிடையாது, தரை எப்போதும் ஈரம். முதல் வாரத்திலேயே ஒருமுறை வழுக்கி விழுந்து, யாருக்கும் தெரியாமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. காலையில் வீட்டில் ஒரு வாய் காபி. அதோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். மதியம் சாப்பாட்டில் ரசம், மோர் எதுவும் சேர்த்துக்கொள்ள மாட்டேன். விக்கினால் மட்டும் ஒரு மடக்கு. ஆறு வருடம் இப்படியே போயிற்று. கோடையில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுப்பேன். டாக்டர் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார். நான் தலையாட்டிவிட்டு வருவேன்.

ஏன் வாய் திறந்து கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்குப் பதில் சொல்லத்தான். அந்த வேலையை எனக்கு உபகாரமாகக் கொடுத்திருந்தார்கள். உபகாரமாக வந்த வேலையில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்க நாக்கு எழும்பாது. கேட்டால், வேலை கொடுத்ததே பெரிய விஷயம், இதில் கக்கூஸ் வேறு கட்டித் தரணுமா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லும் நிலைமைக்கு நானே விடவில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மறுத்ததில்லை. மற்றவர்கள் வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் மட்டும் இரவு எட்டு மணி வரை இருப்பார்கள். நான் பல மாதம் இருந்தேன். நன்றிக் கடன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கம்பெனிக்கு மாறியபோது, சேர்ந்த மறுநாள் ஹெச்.ஆர். மேடம் என் மேசைக்கு வந்தார். "நாங்களா ஏதாவது பண்ணி வெச்சு அது உங்களுக்கு ஒத்து வராமப் போறதுக்கு, நீங்களே சொல்லிடுங்க. டெய்லி வந்து போறதுல எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னேன். பத்து நாளில் கீழ்த்தளக் கழிப்பறை ஒன்றில் உட்காரும் வகைக் கோப்பை வைத்தார்கள், பக்கச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி, தரைக்கு வழுக்காத டைல்ஸ். பிளம்பர் வேலை செய்தபோது என்னையே நிற்கச் சொல்லி, கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று அளந்து துளை போட்டார். அந்தப் பில்லை நானேதான் டேலியில் என்ட்ரி போட்டேன், ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ் தலைப்பில். கூலியோடு சேர்த்து 11,000 ரூபாய் சொச்சம். அந்த வருடம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் பில்லும் என் கையால்தான் போனது. இது அதில் ஒரு மூலைக்குக் காணாது.

வேலை முடிந்த மறுநாள் பதினோரு மணிக்கு டீ கொண்டுவரும் அக்காவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். "என்ன அம்மிணி, அதிசயமா தண்ணி கேக்கற" என்றார் அவர். சேர்ந்த சில வாரத்திலேயே நான் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். முந்தைய இடத்தில் ஆறு வருடம் யாரும் கவனிக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு இது தெரியும், சிலருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் நான்கு சதவீத இட ஒதுக்கீடு என்பது மட்டும்தான் வெளியே பேசப்படுகிறது. தனியார் நிறுவனங்களுக்கும் அதில் கடமை உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்தப் பணிகளுக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம், எப்படித் தேர்வு செய்வீர்கள், என்ன உபகரணம், என்ன வசதி தருவீர்கள், இதற்கெல்லாம் பொறுப்பான அலுவலர் யார் என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 முதல் ஐந்து லட்சம் வரை. தொழிற்பேட்டைகளில் 20 பேருக்கு மேல் இருக்கும் கம்பெனிகளைக் கண்ணால் எண்ணவே முடியாது. நான் வேலை பார்த்த, போய் வந்த இடங்களில் அப்படியொரு கொள்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடு காட்டுவதுதான் என்று அது சொல்கிறது. ஆங்கிலத்தில் ரீசனபிள் அக்காமடேஷன் என்பார்கள். நிறுவனத்தின் தலையில் தாங்க முடியாத சுமையை ஏற்றாமல், ஒருவர் மற்றவர்களைப் போல வேலை பார்ப்பதற்குத் தேவையான மாற்றத்தைச் செய்வது. என் கழிப்பறைக் கம்பி அப்படிப்பட்டது. அதைப் பரிசாகப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் நாற்காலி போடுகிறீர்கள், மின்விசிறி போடுகிறீர்கள், அதையெல்லாம் தர்மக் கணக்கில் எழுதுவதில்லையே.

என்னோடு அந்த இரண்டாவது கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தம்பிக்குப் பார்வை முழுதும் இல்லை. ஏற்றுமதிப் பிரிவில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு மின்னஞ்சல் போக்குவரத்து எல்லாம் அவன் பொறுப்பு. கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை பார்ப்பான். என்விடிஏ என்ற அந்த மென்பொருள் இலவசம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கியது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். அவன் அதை ஓடவிடும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது, அவனுக்கு அட்சரம் பிசகாமல் புரியும்.

ஆங்கில மெயிலை எல்லாம் நிமிடத்தில் முடிப்பவன், எங்கள் ஆபீசிலேயே தமிழில் வரும் சுற்றறிக்கையில் மாட்டிக்கொள்வான். அலுவலகத்தில் ஒருவர் பழைய பழக்கத்தில் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்வார். நமக்குத் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் படிக்கும். ஒருநாள் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "கேளுங்கக்கா, இது என்ன வார்த்தைன்னு சொல்லுங்க" என்றான். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று கேட்டது. திரையில் பார்த்தேன். தமிழ் என்று எழுதியிருந்தது.

தமிழைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குள் வைக்கும் முறை யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010இலேயே அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை போடும் அலுவலகங்கள் இருக்கின்றன. இன்னும் சில இடங்களில் காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அந்தத் தம்பிக்கு அதில் ஒரு படம் வந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். போனஸ் எப்போது, எந்த நாள் விடுமுறை, எந்தப் பேருந்து தடம் மாறுகிறது என்று எல்லாவற்றையும் அடுத்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளச் சீட்டும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அவன் சம்பளம் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது அதைப் படித்துச் சொல்லும் ஆளுக்குத் தெரிந்துவிடும். வருகைப் பதிவுக்கு ஒரு செயலி வந்தது. அதில் உள்ள பொத்தான்களுக்கு உள்ளே பெயர் கொடுக்காததால் ஸ்கிரீன் ரீடர் வெறுமனே "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லும். எது உள்ளே வந்ததற்கு, எது வெளியே போவதற்கு என்று அவன் எண்ணி மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஒருநாள் செயலியைப் புதுப்பித்தார்கள், பொத்தான்களின் வரிசை மாறிவிட்டது. அந்த மாதம் அவனுக்கு நான்கு நாள் ஆப்சென்ட் விழுந்தது.

ஒரு செயலியை வாங்கும் முன் விற்க வருபவரிடம், ஸ்கிரீன் ரீடரில் இது வேலை செய்யுமா, எங்கள் ஆளை வைத்து ஓட்டிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்பார்கள். இப்படி வந்த அடுத்த வெர்ஷனை நான் பார்த்ததில்லை.

காது கேளாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளிலும் எங்கள் பக்கம் பேக்கிங் பிரிவுகளிலும் அவர்களை விரும்பி எடுக்கும் முதலாளிகள் உண்டு. அவர்கள் பேசிக்கொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள், வேலை நன்றாக ஓடும் என்று பாராட்டாகவே சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வலிக்கிறது. அவர்களும் பேசுகிறவர்கள்தான், கையால் பேசுகிறார்கள். நம்மிடம் அதைக் கேட்க ஆள் இல்லை. சூப்பர்வைசர் கூப்பிட வேண்டுமென்றால் துணித் துண்டைச் சுருட்டி முதுகில் எறிவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் போட்டு அரை மணி நேரம் பேசுவதை, பக்கத்தில் இருப்பவர் இரண்டு சைகையில் முடித்துவிடுவார். எழுதிக் கொடுத்தால் போதாதா என்றால், எல்லோருக்கும் போதாது. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுதும் தமிழ் இரண்டாவதாகக் கற்றுக்கொண்ட மொழி. முக்கியமான கூட்டத்துக்காவது சைகை மொழிபெயர்ப்பாளரை வீடியோ காலில் கொண்டுவர முடியும். லைன் சூப்பர்வைசர்கள் நாற்பது, ஐம்பது சைகைகளைக் கற்றுக்கொள்ளலாம், அந்தத் தொழிலாளர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தீ எச்சரிக்கை மணியைப் பாருங்கள். சைரன் ஊளையிடுகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள், குனிந்து தைத்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. சைரனோடு சேர்ந்து மின்னி மின்னி எரியும் விளக்கை எல்லாத் தளத்திலும், கழிப்பறைக்குள்ளும் வையுங்கள். இதைப் பட்ஜெட் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தைத் தொழிற்பேட்டையில் பத்து வருடம் இருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள், யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் மெஷினில் கையைப் பறிகொடுத்தவர்கள். பவர் பிரஸ்ஸில் வலது கையின் மூன்று விரல்களை இழந்த ஒரு அண்ணன் எனக்குத் தெரியும். ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி, தையல், இழப்பீட்டுக் காகிதம் எல்லாம் முடிந்து திரும்பி வந்தவரை கேட்டில் உட்கார வைத்தார்கள். லாரி வந்தால் நம்பர் எழுத வேண்டும், அதுவும் இடது கையால். டை செட்டிங்கில், அதாவது பிரஸ்ஸில் அச்சைப் பொருத்தும் வேலையில், அவருக்கு இருந்த அறிவு அந்த ஷெட்டில் வேறு யாருக்கும் கிடையாது. சத்தத்தைக் கேட்டே எந்தப் பிரஸ் தப்பாக அடிக்கிறது என்று சொல்வார். தரக் கட்டுப்பாட்டில் போட்டிருக்கலாம், புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கலாம். எட்டு மாதம் கேட்டில் உட்கார்ந்துவிட்டு அவரே நின்றுவிட்டார். விபத்திலோ நோயிலோ உடல் குறை ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கமும் செய்யக் கூடாது என்று 2016 சட்டம் அரசு ஊழியர்களைக் காப்பாற்றுகிறது. தனியாரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் உங்கள் மனசைக் கேட்கிறேன். உங்களிடம் வேலை பார்த்துக் கையை இழந்தவரின் அனுபவம் அந்த மூன்று விரலில் மட்டும் இருக்கவில்லை.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது, வெளிநாட்டில் வேண்டுமானால் முடியும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களை வேலூருக்குக் கூப்பிடுகிறேன். சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954இல் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. இளம் டாக்டர். நின்றுகொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது. அந்த மருத்துவமனை அவருக்கு அனுதாபம் தெரிவித்து ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை. தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்று கண்டு, அங்கிருந்த அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் அவரை அந்தப் பக்கம் திருப்பினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கைகளைத் திருத்தினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, அந்தத் துறையைச் சிஎம்சியில் தொடங்கி நடத்தினார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ. இன்றைக்கும் தண்டுவடம் அடிபட்டவர்கள் நாடு முழுவதும் இருந்து அங்கே வந்து, சக்கர நாற்காலியில் எப்படி வாழ்வது என்று கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இது நடந்தபோது சட்டம் இல்லை, சம வாய்ப்புக் கொள்கை இல்லை, மாற்றுத்திறனாளி என்ற வார்த்தைகூடப் புழக்கத்தில் இல்லை. இவரால் எது முடியாது என்ற இடத்திலேயே நின்றுவிடாமல், எது முடியும், அதற்கு எதை மாற்ற வேண்டும் என்று ஒரு நிறுவனம் யோசித்தது. அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் எத்தனை கைகள் மடங்கியபடியே இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சாய்தளம் கட்டுவது பற்றி ஒன்று. பல இடங்களில் சாய்தளம் என்ற பெயரில் சிமெண்டைச் சரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு அடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு இருக்க வேண்டும் என்பது அளவு. வாசலில் இரண்டு படி இருக்கும் இடத்தில் நான்கடி நீளத்தில் சரித்தால், அதில் சக்கர நாற்காலி ஏறாது, பின்னால் கவிழும். நான் ஊன்றுகோலோடு அதில் ஏறுவதைவிடப் படியே மேல். கட்டிய பிறகு அதன் வாயில் பைக் நிறுத்துகிறார்கள், தண்ணீர் கேன் அடுக்குகிறார்கள். சென்னை மெரினாவில் 1.14 கோடி ரூபாய் செலவில் மரப் பாதை போட்டு 2022 நவம்பர் 27ஆம் தேதி திறந்தார்கள். கடல் அலையைக் கிட்டப் போய்ப் பார்த்தேயிராத எத்தனையோ பேர் அன்றைக்குச் சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்து அழுதார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். உங்கள் கம்பெனிச் சாய்தளத்துக்குப் புயல் வர வேண்டாம், ஒரு செக்யூரிட்டி அண்ணனிடம் தினமும் காலையில் அதன் வாசலைக் காலியாக வைத்திருக்கச் சொன்னால் போதும்.

டிசம்பர் 3 வரும். உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டு மரியாதை செய்ய நினைக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் மேடைக்கு அழைத்தார்கள். ஐந்து படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. நான் கீழேயே நின்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்குள் இரண்டு பேர் வந்து இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார்கள். சேலை விலகியது. ஊன்றுகோல் கீழே விழுந்தது. அரங்கமே கைதட்டியது. அந்தப் போட்டோ அந்த வருட நாட்காட்டியில் வந்தது. என்னைக் கேட்காமல் யாரும் என்னைத் தொடக் கூடாது என்று எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. உதவி செய்ய வருபவர்கள் கையை நீட்டும் முன் "பிடிக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சக்கர நாற்காலியையும், பார்வையற்றவரின் கையையும் அப்படித்தான்.

வெளியே தெரியாத குறைகளும் உண்டு. 1995ஆம் வருடச் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது, 2016 சட்டத்தில் 21 வகை. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், மன நோய், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் சேரும். மாதம் ஒருநாள் ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகிறவர் ஏதாவது உறவினர் சாவைச் சொல்லி லீவு எடுக்கிறார். மாத்திரைப் பட்டையைக் கைப்பையின் அடியில் ஒளித்து வைத்திருப்பவர் உங்கள் அலுவலகத்திலும் இருக்கிறார். அவர்கள் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தை நீங்கள்தான் கொடுக்க முடியும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். தனியார் நிறுவனங்களின் வேலையாட்களில் குறைந்தது ஐந்து சதவீதம் எங்களில் இருந்து வரும்படி செய்ய, முதலாளிகளுக்கு அரசு தன் சக்திக்கு உட்பட்டு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊக்கத்தொகையை அரசிடம் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம். ஆனால் அது வந்த பிறகுதான் கழிப்பறையில் கம்பி வைப்போம் என்று சொல்லாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. எம்.காம். முடித்துவிட்டாள், டேலி நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போது என்னைவிட வேகமாகப் போடுகிறாள். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தில் நேர்காணல். அழைப்புக் கடிதத்தில் மூன்றாவது மாடி, காலை பத்து மணி, அசல் சான்றிதழ்கள் கொண்டுவரவும் என்று இருக்கிறது. லிப்ட் உண்டா என்று இல்லை. நேற்று ராத்திரி வந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, போன் பண்ணி முன்னாடியே சொல்லிடட்டுமா, இல்ல நேர்ல போய்ப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். முன்னாடியே சொன்னால் அந்த இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வரலாம், போன வருடம் இரண்டு முறை வந்திருக்கிறது. சொல்லாமல் போனால் கீழ்த்தளத்தில் வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பும் எல்லா அழைப்புக் கடிதத்திலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் எந்தத் தளத்தில், லிப்ட் உண்டா, சக்கர நாற்காலி போகும் கழிப்பறை உண்டா, உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவைப்பட்டால் இன்னாரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று. எல்லோருக்கும் போகும் கடிதத்தில் அது இருக்கட்டும், எங்களுக்கென்று தனியாக வேண்டாம். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணக்கர்